ஊதா விரல்கள்

போன மாதம் ஒரு பத்திரப் பதிவுக்காகப் பாளையங்கோட்டை போயிருந்தேன். கட்டை விரலைக் கண்ணாடி மேல் வைக்கச் சொன்னார்கள். பச்சை விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் விரலை வேட்டியில் துடைத்தேன். துடைக்க அங்கே ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள்.

எனக்கு மட்டும் ஸ்டாம்ப் மையின் கிளிசரின் வாசனை வந்தது. தொண்ணூறுகளில் ஆறு வருஷம் அந்த வாசனையில்தான் இருந்தேன். பேட்டையில், பஞ்சாலைச் சுவரை ஒட்டி ஒரு ஓட்டுக் கட்டடம். ஸ்டாம்ப் பேடு, கார்பன் தாள், கோந்து மூன்றும் அங்கே தயாராகும். முதலாளி சாத்தான்குளத்துக்காரர். கோந்து காய்ச்சி விற்கத் தொடங்கி, கார்பனுக்கு நகர்ந்து, கடைசியில் மைக்கு வந்தவர். எங்களுக்கென்று சங்கு கிடையாது. ஆலைச் சங்கு ஊதினால் நாங்களும் தூக்குச்சட்டியைத் திறப்போம்.

பி.காம். படித்த எனக்கு சூப்பர்வைசர் என்று பெயர். பார்த்த வேலை, பெட்டிக்கு ஒரு பேடை எடுத்து, ரப்பர் ஸ்டாம்பால் ஐம்பது தடவை குத்திப் பார்ப்பது. ‘பெறப்பட்டது’ என்ற சொல்லை என்னைவிட அதிகம் அச்சிட்டவன் ஜில்லாவில் இருக்க மாட்டான். எதையும் பெற்றதாகத்தான் நினைவில்லை.

மை ஊற்றும் பகுதியில் சந்திரா இருந்தாள். இருபத்து நாலு வயது. ஆலையில் வேலை போய் அவள் அப்பா வீட்டோடு இருந்தார். அவளை நம்பித்தான் குடும்பம். சாயம் அவள் மணிக்கட்டு வரை ஏறியிருக்கும். ஒரு திங்கட்கிழமை வந்து நாலு நாள் லீவு கேட்டாள். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். மையைத் தொடாமல் இருந்தால் அதற்குள் கை வெளுத்துவிடுமாம். தேர்தலுக்கான பெரிய ஆர்டர் ஒன்று அந்த வாரம் போயாக வேண்டும். முடியாது என்றேன். எலுமிச்சம்பழமும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்க்கும்படி யோசனை வேறு சொன்னேன். அவள் போய் மை ஊற்றினாள்.

சனிக்கிழமை வேலைக்கு வந்தாள். மத்தியானம் நானே போய்க் கேட்டேன். காபி கொடுக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா கையைப் பார்த்து, ஏதும் சீக்கா என்று கேட்டிருக்கிறாள். இவள் வேலையைச் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் வேலையை விட்டதும் கை சரியாகிவிடும், பரவாயில்லை என்று அவர்கள் பெரிய மனசு பண்ணியிருக்கிறார்கள். விட முடியாது என்று இவள் சொன்னதும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துபோனார்கள்.

லீவு கொடுத்திருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்றேன். அவள் பேடுகளை மூடிக்கொண்டே சொன்னாள்.

“குடுத்திருந்தா வெள்ளக் கையக் காட்டி ஏமாத்துன மாதிரில்லா ஆயிருக்கும். பொறவு கல்யாணம் முடிஞ்சி வேலைக்குப் போறேன்னு அங்கன யாருகிட்ட சார் சொல்ல?”

அதற்குப் பிறகு நான் யாருக்கும் யோசனை சொன்னதில்லை என்று எழுத ஆசைதான். சொன்னேன், நிறையவே.

மறுவருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை, பார்சல் ஆபீஸிலிருந்து பண்டல் எடுக்க வரும் முருகேசன். அவள் கையைத் தினமும் பார்த்தவன், அதைப் பற்றிக் கேட்க அவனுக்கு எதுவுமில்லை. பத்திரிகை வைக்க வந்தவன் முதலாளியிடம் சொன்னது இதுதான்: “மறுவாரமே அவ வேலைக்கு வந்துருவா அண்ணாச்சி. எடத்த வேற ஆளுக்குக் குடுத்துராதிய.”

கம்பெனி மூடும்வரை அவள் அங்கேதான் இருந்தாள். கம்ப்யூட்டர் வந்ததும் முதலில் கார்பன் நின்றது, பிறகு ஒவ்வொன்றாக எல்லாம். இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெண்கள் எல்லாரும் பின்பக்கத்து வாய்க்கால் படியில் வரிசையாக உட்கார்ந்து கை கழுவுவார்கள். தண்ணீர் கொஞ்ச தூரம் ஊதாவாக ஓடி, வயலுக்குத் திரும்புகிற இடத்தில் வெளுத்துவிடும். கீழே துணி துவைக்கிறவர்கள் அந்த ஊதாத் தண்ணீர் வருவதற்குள் அவசர அவசரமாக அலசிப் பிழிந்து கரையேறியிருப்பார்கள். இப்போது அந்த நேரத்தில் அங்கே யாரும் அவசரப்படுவதில்லை.