கட்டாயத்தை 'முடிந்தால்' ஆக்கியவர்கள்

என்னோடு வேலை பார்த்த அக்காவுக்கு ஆபீஸில் கறார் என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அக்காவும் கோபித்துக்கொள்ளாமல் "என்னப்பா?" என்று திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். பொருத்தமான பெயர்தான். எங்கள் கட்டடத்து லிஃப்டில் எட்டுப் பேர் என்று எழுதியிருக்கும். ஒன்பதாவதாக ஏறுகிறவர் இயக்குநராகவே இருந்தாலும் இறங்கச் சொல்லிவிடுவாள். அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "கயிறு நான் பாத்துக்கறேன், ஆள் எண்ற வேலை உனக்கு எதுக்கு?" என்று அவரே கேலி செய்வாராம்.

நாங்கள் வேலை பார்த்தது ஆம்புலன்ஸ் அழைப்பு நிலையத்தில். இரண்டாம் மாடியில் காதில் ஹெட்செட்டோடு வரிசையாக உட்கார்ந்திருப்பது நாங்கள். "எங்க இருக்கீங்க? மூச்சு இருக்கா? பேசறாங்களா?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டில் காய்ச்சல் என்று யாராவது படுத்தால்கூட அதே குரலில்தான் விசாரிப்போம். முதல் மாடியில் சர்வர் அறை. கதவைத் திறந்தாலே குளிர் முகத்தில் அறையும். அது அக்காவின் இடம். கோடையிலும் கம்பளிச் சட்டையோடுதான் நடமாடுவாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீடு திரும்புகிறவர்கள் என்பதால், அவள் கோபம் முழுவதும் என் காதில்தான் விழும்.

அவள் வேலை என்ன என்பதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். சர்வர் என்பது இரும்புப் பெட்டி, கையால் தொடலாம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் விஎம் என்கிற மெய்நிகர் கணினிகள் பல குடியிருக்கின்றன. அவற்றுக்கு உடம்பு கிடையாது. ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குச் சத்தமில்லாமல் குடிபெயரும். எது எந்தப் பெட்டியில் இருக்க வேண்டும் என்று ஷெட்யூலர் என்கிற மென்பொருள் முடிவு செய்யும். பொதுமக்கள் அடிக்கும் போன் எங்கள் ஹெட்செட்டுக்கு வந்து சேர்வது அப்படி ஒரு விஎம் வழியாகத்தான். அது விழுந்தால் வேலையை எடுத்துக்கொள்ள இன்னொரு விஎம் எப்போதும் தயாராக நிற்கும். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தால்? பெட்டி போனால் இரண்டும் சேர்ந்து போகும். இதைப் புரிந்துகொள்ள எந்தப் படிப்பும் வேண்டாம்.

அக்கா இதற்கு முன் ஒரு கல்லூரித் தேர்வு அலுவலகத்தில் இருந்தாள். முடிவு வெளியாகும் நாளில் அங்கே இப்படித்தான் இரண்டும் ஒன்றாகப் போய், முடிவு தெரியாமல் வாசலில் பிள்ளைகள் அழுதுகொண்டு நின்றார்களாம். அதனால் எங்கள் நிலையத்துக்கு வந்ததும் ஷெட்யூலரில் அவள் எழுதிய முதல் விதி இது: இந்த இரண்டு விஎம்களும் ஒரே சர்வரில் இருக்கவே கூடாது. கட்டாயம். இடம் இல்லாவிட்டால் சிவப்பு எழுத்தில் கத்து. ஆனால் சேர்த்து மட்டும் வைக்காதே.

பல வருஷம் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் இல்லாததே அவளுக்கு வினையாக வந்தது.

புதிதாக வந்த மேனேஜர் கெட்டிக்காரர். பேச்சு தேன் மாதிரி இருக்கும். கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் பெரிய திரையை மாட்டி, மேலிடத்துக்குக் காட்ட வண்ண வண்ண வரைபடங்கள் ஓடவிட்டார். "சர்வர்கள் பாதி நேரம் சும்மாதானே இருக்கு? எதுக்கு இத்தனை?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்.

"சும்மா இல்லைங்க சார். ஒண்ணு விழுந்தா அதுல இருக்கறதெல்லாம் போய் உக்கார இடம் வேணும். அந்த இடம்தான் உங்க கண்ணுக்குச் சும்மா இருக்கற மாதிரி தெரியுது" என்றாள் அக்கா.

"எப்பவாவது விழுந்திருக்கா?"

"விழாம நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

கூட்டத்தில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அக்காவின் மாமியாருக்குக் கண் அறுவைசிகிச்சை. அதற்காக அவள் லீவில் போன வாரத்தில் மேனேஜரும் அவருடைய ஆட்களும் சர்வர்களில் பாதியை நிறுத்திவிட்டார்கள். மீதியில் எல்லா விஎம்களையும் திணித்தபோது, அந்த இரட்டையை ஒரே பெட்டியில் வைக்க மாட்டேன் என்று ஷெட்யூலர் அடம்பிடித்தது. திரை முழுக்கச் சிவப்பு. விதி தன் வேலையைச் செய்தது. கத்து என்றாள், கத்தியது. இவர்கள் என்ன செய்தார்கள்? ஒதுக்கிய சர்வர்களில் ஒன்றைத் திரும்பப் போடவில்லை. விதியைத் திறந்து, 'கட்டாயம்' என்று இருந்ததை 'முடிந்தால்' என்று மாற்றினார்கள். முடிந்தால் தனித்தனியாக வை, முடியாவிட்டால் பரவாயில்லை. சிவப்பு மறைந்தது, திரை பச்சைக்கு வந்தது. பச்சைத் திரையின் முன்னால் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டார்கள். மாடிப்படிச் சுவரில் வெகுகாலம் மாட்டியிருந்தது அந்தப் போட்டோ. அதைக் கடந்துதான் நான் தினமும் வேலைக்கு ஏறினேன்.

லீவு முடிந்து வந்த அன்றைக்கே அக்கா கண்டுபிடித்துவிட்டாள். மாற்றலாம் என்று உட்கார்ந்தால், விதிகளைத் திருத்தும் அனுமதியை அவளிடமிருந்து எடுத்திருந்தார்கள். நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்ததால் பாதி ஆபீஸ் கேட்டது.

"சார், ரெண்டும் இப்ப ஒரே பெட்டியில இருக்கு."

"ஷெட்யூலர் புத்திசாலிம்மா. முடிஞ்சவரைக்கும் பிரிச்சுத்தான் வைக்கும்."

"முடியாதபடி நீங்கதானே பண்ணி வச்சிருக்கீங்க? இடமே விடாம அடைச்சுட்டு, முடிஞ்சா பிரிச்சு வைன்னா அது எங்க கொண்டுபோய் வைக்கும்?"

"கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

"சரி, ஒண்ணு செய்வோம். கூட்டம் கம்மியா இருக்கற நேரமா பாத்து, முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிட்டு அந்த சர்வரை நிறுத்துவோம். அப்பவும் போன் வந்தா நான் இனிமே வாயத் தொறக்க மாட்டேன்."

"சேவை பாதிக்கும்மா. அந்த ரிஸ்க் நான் எடுக்க முடியாது."

பஸ்ஸில் அன்றைக்கு உட்கார்ந்ததுமே தொடங்கிவிட்டாள். "நான் பாத்துக்கிட்டிருக்கும்போது நிறுத்தினா ரிஸ்க்காம். அதுவா நின்னா ரிஸ்க் இல்லையாம். இந்த நியாயம் எந்த ஊர்ல இருக்கு?" என்றாள். அதன் பிறகும் அவள் விடவில்லை. கூட்டம் நடந்தால் கேட்டாள், வழியில் பார்த்தால் கேட்டாள். கடைசியில் அவள் வாயைத் திறந்தாலே எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அது நடந்தது ஒரு வேலை நாளின் முற்பகலில். எங்கள் மாடியில் யாரும் அழைப்பில் இல்லாத ஒரு நேரம், அதற்குப் பிறகு ஒரு போனும் வரவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி சோம்பல் முறித்து, "அப்பாடா, இன்னைக்கு ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்க போல" என்றாள். நானும் சிரித்தேன். ஒருத்தி கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டாள். வாசல் காவலாளி மூச்சிரைக்க மாடியேறி வந்து, "ஏம்மா, தெருவுல ஒருத்தர் கத்திக்கிட்டு நிக்கறாரு. உங்க நம்பருக்கு அடிச்சா போகவே இல்லையாமே!" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. என் கைபேசியில் எங்கள் எண்ணை நானே அடித்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை.

கீழே ஒரு சர்வரின் மின்பலகை கருகியிருந்தது. இரட்டை விஎம்கள் இருந்தது அதே பெட்டியில். மற்றப் பெட்டிகளில் அவற்றைத் திரும்ப எழுப்ப ஷெட்யூலர் முயன்று முயன்று தோற்றது. திணித்துத் திணித்து எங்கும் இடமில்லை. அக்கா யாரையும் கேட்கவில்லை. மேனேஜரின் வரைபடங்களுக்கு என்றே ஓடிக்கொண்டிருந்த பெரிய விஎம்மை நிறுத்தினாள். கண்ணாடி அறைத் திரை கறுத்தது. அந்த இடத்தில் அழைப்பு விஎம்மை எழுப்பினாள். மேலே எங்கள் மேசைகள் ஒரே நேரத்தில் அலறின. நான் எடுத்த முதல் அழைப்பில் ஒரு பெண், "எத்தனை தடவைங்க அடிக்கறது! எத்தனை தடவை!" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் நாலு நாள் கழித்து எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். அவளுடைய அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அன்றைக்கு வீட்டில் செருப்பு மாட்டக் குனிந்தவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறார், வாய் கோணிவிட்டது. எங்களுக்கு அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்து மரக்கடை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். லாரியிலிருந்தும் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் எடுத்தது அதைத்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் மூளையில் ரத்த அடைப்பு தன் வேலையைக் காட்டிவிட்டது. உயிர் தங்கியது. வலது கை தங்கவில்லை.

வரவேற்பில் அவளிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு." யார் வந்து கேட்டாலும் அதையே சொல்லும்படி மேலிருந்து உத்தரவு. அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பிடிக்க வந்த அக்கா விசாரித்தாள். விஷயம் தெரிந்ததும் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதிர்பாராததுன்னு சொன்னாங்களா? பொய்ம்மா. எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பார்த்தேன், வாய் வலிக்கச் சொன்னேன். கோளாறு வந்தா தாங்கற மாதிரிதான் இருந்தது. அதைக் கலைச்சுட்டாங்க." எப்படிக் கலைத்தார்கள் என்பதையும் அந்தப் பெண்ணுக்குப் புரிகிற மாதிரி உடைத்துச் சொன்னாள். வரவேற்பில் இருந்தவள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாலைக்குள் அக்காவை வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கிவிட்டார்கள். காரணம், வெளியாளிடம் உள் விவகாரம் பேசியது. ஊரே ஆம்புலன்ஸ் இல்லாமல் கிடந்ததற்கு ஒருத்தர் மீதும் நடவடிக்கை இல்லை. அதைப் பற்றி உண்மை சொன்னதற்கு உடனே நடவடிக்கை! அக்காவின் வீட்டுக்காரருக்குப் பயம். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா?" என்று சத்தம் போட்டிருக்கிறார். "ஒரு லிஃப்ட் கயிறு அறுந்துடும்னு உங்களுக்குத் தெரியுது, மேல இருக்கறவன் கேக்கல, அறுந்துடுச்சு. கால் போனவன் வந்து ஏன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்று அவள் கேட்க, மனிதர் எழுந்து போய் அன்றைக்குத் துணி துவைத்து உலர்த்தினாராம்.

வேன் ஓட்டுநரின் மகள் சாதாரண ஆள் இல்லை. எங்கெங்கோ ஏறி இறங்கி, கேட்க வேண்டிய இடத்தில் எல்லாம் கேட்டாள். வெளியிலிருந்து விசாரணைக் குழு வந்தது. மேனேஜர் அவர்கள் முன்னால், "எங்க வைக்கணும்னு ஷெட்யூலர் தானா எடுத்த முடிவு அது" என்றார். சாட்சி சொல்ல வரவழைத்திருந்த அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"சார், அது முடியாதுன்னுதான் சொல்லுச்சு. திரை பூராவும் சிவப்பா சொல்லுச்சு. அதோட வாயைப் பொத்தினது மனுஷன். இப்ப பழியையும் அது தலையிலேயே போடறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

குழு சொன்னபடி ஒதுக்கிய சர்வர்கள் திரும்ப வந்தன. விதி மறுபடி 'கட்டாயம்' ஆனது. அக்காவையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். "இப்ப பாதுகாப்பா இருக்கா?" என்று குழுத் தலைவி கேட்டபோது, "என் வார்த்தையை நம்பாதீங்க. வாங்க, நிறுத்திப் பாக்கலாம்" என்று சர்வர் அறைக்கு அழைத்துப் போனாள். அழைப்பு விஎம் ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் மின்சாரத்தை அவர்கள் கண்முன்னே துண்டித்தாள். மேலே நான் ஒரு குழந்தையின் காய்ச்சலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். குரல் ஒரு கணம் கரகரத்தது, அவ்வளவுதான். தாய் தொடர்ந்து பேசினாள். கீழே கை தட்டினார்களாம்.

"கை தட்டாதீங்க," என்றாளாம் அக்கா. "இதைத்தான் அன்னைக்கே செய்யலாம்னு கெஞ்சினேன்."

மேனேஜருக்கு என்ன ஆனது என்றுதானே கேட்பீர்கள்? இடமாற்றம். இதைவிடப் பெரிய அலுவலகம், இதைவிடப் பெரிய அறை. பிரிவுபசாரத்தில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அக்கா போகவில்லை, நானும் போகவில்லை.

அடுத்து வந்த ஒரு விடுமுறை நாளில் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவள் அந்த வேன் ஓட்டுநர் வீட்டுக்குப் போனாள். மகள் நாற்காலி போட்டாள். அந்த மனிதர் இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஆபீஸ் பெயரைக் கேட்டதும் முகம் சிவந்தது. குழறிக் குழறி, ஆனால் ஒரு வார்த்தை விடாமல் திட்டினார். "அப்பா, இவங்கதான் நமக்கு உண்மையைச் சொன்னவங்க" என்று மகள் குறுக்கே வந்தாள்.

"விடும்மா, பேசட்டும்" என்றாள் அக்கா. "அந்த ஆபீஸ்ல யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுத்தானே ஆகணும்."

அவர் களைத்து நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எங்களுக்குத் தேநீர் வந்தது. அவர் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே, "குடிங்க, ஆறிடப் போவுது" என்றார்.