கூன் விழுந்த கேப்டன்

என் தங்கையை வீட்டில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சோடா என்றால் அவள்தான். சோடாபுட்டிக் கண்ணாடியில் பாதியை எடுத்து வைத்த பேர். அந்தக் கண்ணாடி வருவதற்கு முன்னால் அவளுக்குப் பார்வை மங்கல் என்பதே எங்களுக்குத் தெரியாது. தெருக்கோடியில் ஆள் திரும்பும்போதே "மாமா வர்றாரு" என்று முதலில் சொல்பவள் அவள். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கண் தெரியவில்லை என்று யாருக்குச் சந்தேகம் வரும்? பள்ளிக்கூடத்துக்குக் கண் பார்க்க வந்த டாக்டர் சொல்லித்தான் குட்டு வெளிப்பட்டது. அதுவரை அவள் எட்ட நிற்கிற யாருடைய முகத்தையும் பார்த்ததே இல்லை. தோள், தொப்பை, நடை, தலை சாய்கிற பக்கம், இதை வைத்தே எல்லோரையும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அன்றைக்கு அழுத அழுகை கொஞ்சமா நஞ்சமா.

அப்பாவுக்கு இரவுக் காவல் வேலை, பகலெல்லாம் தூக்கம். சின்ன வீடு என்பதால் டிவியைச் சத்தமில்லாமல்தான் பார்க்கவேண்டும். அதற்கு விண்வெளிப் படங்களை விட்டால் வேறு கதி இல்லை. கப்பல் பறக்கும், வெடிக்கும், விதவிதமான ஜந்துக்கள் வரும், ஒரு வார்த்தை கேட்காவிட்டாலும் பாதகமில்லை. புதிதாக ஓர் ஆள் திரையில் வந்ததும் நல்லவனா கெட்டவனா என்று இருவரும் பந்தயம் கட்டுவோம். ஜெயிப்பது நான்தான். என் ரகசியம் ரொம்ப எளிமை. நெஞ்சை நிமிர்த்தி நின்றால் நல்லவன். முதுகு வளைந்து ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நின்றால் கெட்டவன், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒரு நாள் பெரிய மனசு பண்ணி அதை அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அதோடு பந்தயம் படுத்துவிட்டது.

பிறகு நான் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் வாய்க்குள் விளக்கு விழவேண்டும், என் நிழல் விழக்கூடாது, டாக்டரின் கையையும் மறைக்கக்கூடாது. வெள்ளைக் கோட்டு மாட்டி, இடது கையில் எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் ஒடித்து, வலது தோளைத் தூக்கி, குனிந்தே நிற்கவேண்டும். வருஷக்கணக்கில் அப்படி நின்றால் உடம்பு அதையே பிடித்துக்கொள்கிறது. வீட்டில் சோறு போடும்போதுகூட நான் அப்படித்தான் நிற்கிறேனாம். அம்மா சொல்வாள், நான் கேட்டதில்லை.

சோடா கணக்குப் படிப்பில் சேர்ந்து, பாதியில் விட்டு, வீட்டையே இரண்டாக்கினாள். ஊடகப் படிப்புதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "பொம்மை போட்டா வயிறு நிறையுமா?" என்று நானும் என் பங்குக்குக் கத்தினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு என்ன கிறுக்கு என்றால், படத்தில் வருகிற ஆளை எப்படி உருவாக்குகிறார்கள் என்பது. ஒரு ரோபோவுக்குத் தோள் எவ்வளவு அகலம், வேற்றுக்கிரகத்துக் குழந்தைக்குக் கழுத்து உண்டா இல்லையா என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து யோசிப்பாள். சோறு ஆறிப்போகும்.

கடைசி வருஷம் வகுப்பே சேர்ந்து ஒரு விண்வெளிப் படம் எடுக்கவேண்டும். பயணிகள் எல்லோரும் வருஷக்கணக்காகத் தூங்குகிற ஒரு கப்பல். ஒரே ஒரு கேப்டன் மட்டும் விழித்திருந்து அவர்களைப் பார்த்துக்கொள்கிறாள். அந்தக் கேப்டன் சோடா வரைந்த கேப்டன்தான் என்று வகுப்பு ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது. ஒரு சோதனைதான் பாக்கி. உருவத்துக்குள் கறுப்பை நிரப்பி, கண் மூக்கு எதுவும் தெரியாமல், வெறும் நிழலாகத் திரையில் காட்டுவார்கள். வெளியாட்கள் பார்த்து நல்லவளா கெட்டவளா என்று கை தூக்கவேண்டும். பாதிக்கு மேல் நல்லவள் என்றால் தேறிற்று. இல்லையென்றால் இன்னொரு பையன் வரைந்த கேப்டன் தயாராக இருந்தாள், நெஞ்சு நிமிர்ந்தவள், துணிக்கடை பொம்மை மாதிரி. சோடா அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. அவள் வரைந்தது திரைக்கு வருவது அதுதான் முதல் தடவை, அது கைவிட்டுப் போனால் கணக்குப் படிப்பை விட்டதற்கு அப்பாவிடம் காட்ட அவளிடம் ஒன்றுமில்லை.

வெளியாட்கள் என்று யாரைக் கூப்பிடுவார்கள்? எங்களைத்தான். அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். நானும் அம்மாவும் போனோம். கல்லூரிக் கூடத்தில் எல்லா வீட்டு அம்மா அப்பாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒரு கறுப்பு உருவம் வந்தது. வளைந்த முதுகு, முன்னால் நீண்ட கழுத்து, காதை இடிக்கிற ஒரு தோள்.

"கெட்டவங்கன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் ஆசிரியை. கூடத்திலேயே முதல் கை என்னுடையது. பழைய பந்தயக்காரி இல்லையா.

அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "கையைக் கீழ போடுடி. அது நீதான்."

"என்னம்மா உளர்ற?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? உன்னை அப்படியே கரியால அப்பி வெச்சிருக்கா."

நான் என்னைப் பார்ப்பதெல்லாம் குளியலறைக் கண்ணாடியில், நேருக்கு நேராக, பல் தேய்க்கும்போது. பக்கவாட்டில் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தேன். சுற்றிலும் ஏகப்பட்ட கைகள் மேலே இருந்தன. அத்தனை பேரும் என்னைக் கெட்டவள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதில் நானும் ஒருத்தி. உடம்பெல்லாம் கூசியது.

விளக்கைப் போட்டார்கள். சோடா மேடையில் கணினிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. ஆசிரியை நல்லவர், சின்ன வயசு. "இன்னொரு தடவை காட்டலாம்மா. முதுகை மட்டும் கொஞ்சம் நிமிர்த்திடேன், ஒரு நிமிஷ வேலை" என்றார்.

"நிமிர்த்திடுடி!" என்று பின்னாலிருந்து கத்தினேன். கூடமே திரும்பிப் பார்த்தது. எனக்கு அந்த உருவம் எப்படியாவது திரையைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

"முடியாதுக்கா. நிமிர்த்தினா அது வேற யாரோ."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப என்னை ஏன்டி ஒத்தையா நிக்க வெச்ச? நான் என்ன, சும்மாவா குனியறேன்? எனக்கு முன்னாடி ஒரு ஆள் வாயைத் திறந்துக்கிட்டுப் படுத்திருக்க வேணாமா?"

சொன்ன பிறகுதான் இத்தனை பேர் முன்னால் சொன்னோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். சோடா கணினிப் பக்கம் திரும்பினாள். குனிந்து வரைய ஆரம்பித்தாள். கறுப்பு உருவத்துக்குக் கீழே இன்னொரு கறுப்பு உருவம், சின்னதாக, மல்லாந்து படுத்திருந்தது. தூங்குகிற பயணிகளில் ஒருவர்.

"ஐயோ, கடிக்கப் போகுது!" என்றார் முன்வரிசையில் ஒரு பெரியவர். கூடம் குலுங்கிச் சிரித்தது. உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது, அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

சோடா மேடையைவிட்டு இறங்கினாள். கூடத்தின் கடைசிச் சுவர்வரை நடந்து வந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். அது இல்லாமல் அவளுக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கூடப் புகைதான். அப்படியே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் குனிந்து, "அக்கா, பல் பிடுங்க வந்து பயந்தவங்க உன்னை எங்க பிடிப்பாங்க? வெள்ளைக் கோட்டையா, கையையா?" என்று கேட்டாள்.

"கோட்டைத்தான். இடது பக்கம், பாக்கெட்டுக்குக் கீழ. பிஞ்சே போச்சு. எங்க வந்து என்ன கேக்கறா பாரு."

போய் ஒரே ஒரு கோடு சேர்த்தாள். படுத்திருக்கிற சின்ன உருவத்தின் கை எழுந்து, குனிந்தவளின் கோட்டு நுனியைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். முதுகு அதே முதுகு, தோள் அதே தோள். ஆனால் இப்போது அந்தக் கூன் யார்மீதோ அக்கறையில் விழுந்த கூனாகத் தெரிந்தது. முன்வரிசைப் பெரியவர் "அடடே" என்றார்.

மறுபடி ஓட்டு. கெட்டவள் என்று பிடிவாதக்காரர்கள் நிறையப் பேர் அப்போதும் தூக்கினார்கள், முதல் அபிப்பிராயத்தை விடமாட்டார்களே. நல்லவள் என்றதும் அம்மா இரண்டு கையையும் தூக்கினாள், ஒன்றை இறக்கச் சொன்னார்கள். ஆசிரியை எண்ணினார், திரும்ப எண்ணினார். உதட்டைப் பிதுக்கினார். சரிபாதி. பாதிக்கு மேல் வேண்டும்.

சோடா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நீ எந்தப் பக்கமும் தூக்கலையே?"

"சொந்தக்காரங்க ஓட்டு செல்லுமா?" என்றேன் ஆசிரியையிடம். உண்மையில் எனக்குத் தப்பிக்க ஒரு வழி வேண்டியிருந்தது.

"முதல்ல கெட்டவங்கன்னு தூக்கினீங்களே, அது மட்டும் செல்லுச்சா?" என்றார் அவர். மறுபடி சிரிப்பு.

நல்லவள் என்று என்னைப் பற்றி நானே ஊரறியக் கை தூக்கவேண்டும். சோடாவுக்காக எதுவும் செய்திருப்பேன், ஆனால் இதற்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். என்னைத் தவிர யாரையும் அவள் கேப்டனாக நினைத்தே பார்த்ததில்லை என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தூக்கினேன். வலிக்கிற தோள்தான், இருந்தும் கை நேராக நிற்கும்வரை தூக்கினேன். எல்லோரும் கைதட்டி ஓய்ந்து எழுந்து கிளம்பிய பிறகும், "போதும், இறக்குடி" என்று அம்மா கையைப் பிடித்து இழுக்கும்வரை இறக்கவில்லை.