லைசன்ஸ் வந்தது, இன்சூரன்ஸ் வரவில்லை

எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். அது நான் இல்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்த முதல் வாரமே, எதிரே வைக்கோல் ஏற்றி வந்த டிராக்டரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் கட்டிய பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, "சார், நீங்க நல்லா பேசுறீங்க. அதையே பண்ணுங்க" என்றார். அன்று முதல் மனைவிதான் ஓட்டுகிறாள். தஞ்சாவூரிலிருந்து புது ஆறு என்கிற கால்வாயின் கரையோடு போகிற சாலையில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு அவள் தலைமையாசிரியை. நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். ஒரு சிறு பத்திரிகையில் வாராவாரம் நகைச்சுவை என்ற பெயரில் எதையாவது எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெப விண்ணப்பங்களை வாசித்தால் பூகோளப் பாடம் நடப்பது போலிருக்கும். எங்கள் மகள் கனடா. அவள் போனதிலிருந்து எங்கள் கார், கார் என்பதைவிட ஒரு தனி அறையாகிவிட்டது. மனைவி பள்ளிக்குக் கிளம்பும் காலை நேரம் அங்கே மகள் படுக்கப் போகும் நேரம். வீட்டிலிருந்து பள்ளிவரை இருவரும் பேசிக்கொண்டே போவார்கள். வீட்டில் பேச மாட்டார்கள். காரணம் நான். என் காதில் விழுந்தது எதுவும் அடுத்த வாரம் பத்திரிகையில் வந்துவிடும் என்று மகளுக்குப் பயம். "அப்பா பக்கத்துல இருக்காரா? அப்ப அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுவாள். பயம் நியாயமானது. அங்கே போன புதிதில் கட்டில்கூட இல்லாத அறையில் தரையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டதைச் சொல்லி அழுதாள். நான் அதை எழுதினேன். பலர் சிரித்ததாகச் சொன்னார்கள்.

ஆற்றில் தண்ணீர் விட்ட வாரம், போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு ஓட்டியபோது மனைவி பிடிபட்டாள். நிறுத்திய போலீஸ்காரர் அவளிடம் ஏழாம் வகுப்பு படித்தவர். "மன்னிச்சிருங்க டீச்சர், பின்னாடி இன்ஸ்பெக்டர் நிக்கிறாரு" என்று தலையைக் குனிந்துகொண்டே எழுதினாராம். மூன்று மாதம் லைசன்ஸ் சஸ்பெண்ட்.

மகள் அன்றே போனில் அழுதாளாம். "என்னாலதானேம்மா. இனிமே நீ ஓட்டுறப்ப கூப்பிட மாட்டேன்."

"லைசன்ஸ் திரும்ப வரட்டும். கரையில வண்டிய நிறுத்திட்டுப் பேசுறேன். அதுல தப்பில்ல."

"வந்ததும் சொல்லு. முன்ன மாதிரியே தினம் கூப்பிடுறேன்."

அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு மனைவி மூன்று மாதம் டவுன் பஸ்ஸில் போனாள். பஸ்ஸில் பாதிப்பேர் அவளுடைய மாணவர்கள், மீதிப்பேர் அவர்களைப் பெற்றவர்கள். அதில் நின்றுகொண்டு மகளிடம் என்ன பேச முடியும்? "சாப்பிட்டியா, குளிரா" என்பதோடு முடியும்.

இதற்கு நடுவில் காரின் இன்சூரன்ஸ் முடிந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த குறுஞ்செய்தியைப் பார்த்து, ஓட்டாத வண்டிக்கு எதற்கு என்று நான் விட்டுவிட்டேன். என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே பொருளாதார முடிவு அது.

குறுவை நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைத்திருந்த நாட்களில் லைசன்ஸ் திரும்ப வந்தது. மறுநாளே இன்சூரன்ஸ் ஏஜெண்டை வரச் சொன்னோம். எங்கள் சபையில் பாடற்குழுவில் பாடுகிறவர். விட்டுப்போன பாலிசி என்பதால் முதலிலிருந்து ஃபாரம் எழுத வேண்டும், வண்டியைப் படம் எடுக்க வேண்டும் என்றார். பானெட்டைத் திறந்தால் வயரில் பாதியை எலி தின்றிருந்தது. அறுவடையான வயலிலிருந்து கிளம்பிய எலிகள் எங்கள் காரைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. அதைச் சரிசெய்து படம் எடுத்தாயிற்று. பிறகு ஃபாரம்.

ஒரு கட்டத்தில் கேள்வி: ஓட்டுநரின் உரிமம் எப்போதாவது நிறுத்திவைக்கப்பட்டதா?

மனைவி "ஆம்" என்று எழுதி, காரணத்தையும் எழுதினாள்.

ஏஜெண்ட் பேனாவைப் பிடிக்க வந்தார். "டீச்சர், அதுல எல்லாரும் இல்லைன்னுதான் எழுதுவாங்க."

"சஸ்பெண்ட் ஆனவங்களுமா?"

"அவங்கதான் முதல்ல எழுதுவாங்க. இது பாவ அறிக்கை இல்ல டீச்சர், இன்சூரன்ஸ் ஃபாரம்."

"கேட்டிருக்காங்க. சொல்லிட்டேன்."

ஏஜெண்ட் என்னைப் பார்த்தார். நான் எலி தின்ற வயர்த் துண்டைப் பார்த்தேன்.

கிளை அலுவலகத்தில் நடந்ததை ஏஜெண்ட் பிறகு சொன்னார். அந்தக் கேள்விக்கு ஆம் என்று எழுதிய ஃபாரத்தை அங்கே எவரும் பார்த்ததில்லை. அப்படி எழுதினால் அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கூடுதலாகக் கட்டச் சொல்வதா, மறுப்பதா, மன்னிப்பதா? மேலாளர் அதைத் திருச்சிக்கு அனுப்பினார். திருச்சி சென்னைக்கு அனுப்பியது. சென்னை, ஓட்டுநர் திருந்திவிட்டாரா என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வந்தது. இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை எடுக்க மனைவி மறுத்துவிட்டாள். மறுபடி பஸ்.

"வேற கம்பெனிக்குப் போவோமே" என்றேன். "தாராளமயம் வந்து இத்தனை வருஷமாச்சு. போன்லயே குடுக்குறான். இதையெல்லாம் கேக்குறதே இல்லையாம்."

"கேக்காம பணம் வாங்குறவன், நாளைக்கு நம்ம வண்டியில ஒருத்தர் அடிபட்டா அப்ப எல்லாத்தையும் கேப்பான்" என்றாள். "அதுவுமில்லாம, ஒரு இடத்துல பதில் சொல்லிட்டு அவங்க முடிவு சொல்றதுக்குள்ள இன்னொரு இடத்துக்குப் போறது ஓடிப்போற மாதிரி இருக்குங்க."

அவளோடு வாதாடி நான் ஜெயித்ததில்லை. இந்த முறை ஜெயித்திருக்க வேண்டும்.

மகள் முதலில் வாரம் இருமுறை கேட்டாள். "வண்டிய எடுத்துட்டியாம்மா?" பிறகு வாரம் ஒருமுறை. பிறகு கேட்பது நின்று, படங்கள் வந்தன. பனி மூடிய கார், பனி மூடிய மரம், யாரோ ஒருவரின் நாய். கிறிஸ்துமஸ் அன்று வீடியோவில் வந்தாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன், பேசட்டும் என்று. கொஞ்ச நேரத்தில் மனைவி கதவைத் தட்டினாள். "வெளிய வாங்க. வச்சிட்டா."

"என்ன சொன்னா?"

"நல்லா இருக்காளாம்."

முன்பெல்லாம் மனைவி பள்ளியிலிருந்து திரும்பும்போது அவள் முகத்தைப் பார்த்தே மகளுடைய நாள் எப்படி என்று தெரிந்துகொள்வேன். மகளைப் பற்றி எனக்குக் கிடைத்த செய்தியெல்லாம் அந்த வழியாக வந்ததுதான். அந்த முகத்தில் இப்போது டவுன் பஸ் மட்டும் இருந்தது.

சம்பா அறுவடைக்குப் பிறகு பாலிசி வந்தது. கூடுதல் தொகை எதுவும் இல்லை. எல்லாரும் கட்டுகிற அதே தொகை. ஏஜெண்ட் வெற்றி பெற்றவர்போல் வந்தார்.

"இன்சூரன்ஸ் வண்டிக்குத்தானாம் டீச்சர். ஓட்டுற நாள்ல லைசன்ஸ் செல்லுபடியா இருந்தா போதுமாம். அந்தக் கேள்விய யாரோ எப்பவோ போட்டு வச்சிருக்காங்க, எடுக்காம விட்டுட்டாங்க."

"நான் எழுதுனத என்ன பண்ணாங்க?"

"பார்த்தாங்களாம்."

மனைவி அன்றே மகளுக்குச் செய்தி அனுப்பினாள், நாளையிலிருந்து வண்டியை எடுக்கிறேன் என்று. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

மறுநாள் காலை, பேசுவதற்கென்று வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பி, என்னையும் கூட வரச் சொன்னாள். இத்தனை நாள் ஓட்டாததால் பயம் என்றாள். ஓட்டத் தெரியாத நான் பக்கத்தில் உட்கார்ந்தால் பயம் எப்படிப் போகும் என்று கேட்கவில்லை. கரையில் நிழலாக ஓரிடத்தில் நிறுத்தினாள். மகள் வழக்கமாகக் கூப்பிடும் நேரம். நானே இறங்கி, பேச்சுக் காதில் விழாத தூரத்துக்கு நடந்தேன். தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். ஆற்றுக்குள் ஆடு மேய்ந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், திரும்பிப் பார்த்தால் ஒட்டுக் கேட்பதாக ஆகிவிடும் என்று.

ஹார்ன் அடித்தாள்.

"அதுக்குள்ளயா?" என்றேன்.

"வரல. நானே போட்டேன். எடுக்கல."

அடுத்த சில நாட்களும் அப்படித்தான். நான் இறங்குவேன், நடப்பேன், ஹார்ன் கேட்கும். பிறகு ஒருநாள், கரையில் நிறுத்தியதுமே மகளிடமிருந்து செய்தி வந்தது. படிக்கிற கண்ணாடியை எடுத்து வராததால் மனைவி என்னைப் படிக்கச் சொன்னாள். மகள் அவளுக்கு எழுதிய ஒன்றை, மனைவியின் சம்மதத்தோடு நான் படித்தது அதுதான் முதல் தடவை.

"அம்மா, இப்ப சீக்கிரம் தூங்கிடுறேன். காலைல ஜிம் போறோம். நீ காத்திருக்காதே, நேரா ஸ்கூலுக்குப் போ. ஏதாவது அவசரம்னா மெசேஜ் போடு."

"போறோம்னா? யாரு கூட?" என்றாள் மனைவி.

"சொல்லல."

போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு டிராக்டர் எங்களைக் கடந்து போனது.

"அவசரம்னு என்னங்க போடுறது?" என்றாள். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலயே."

கியரைப் போட்டு வண்டியை எடுத்தாள். பள்ளி திறப்பதற்கு வெகுநேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம்.