ஏழாவது இணைப்பு

2024 ஜனவரி 6, சனிக்கிழமை, காலை 9.40, மைனஸ் இருபத்திரண்டு, தெளிந்த வானம். ஒஸ்லோ, ஸ்டோவ்னரில் உள்ள எங்கள் மாடி வீட்டின் சுடுநீர்க் குழாய்களை நானே மாற்றி முடித்தேன். பிளம்பருக்குக் கொடுக்கும் காசு மிஞ்சினால் யாழ்ப்பாணம் போய், படுக்கையில் கிடக்கும் அண்ணரைப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். பதினான்கு இணைப்புகளையும் பச்சைத்தண்ணீர் விட்டுத்தான் சோதித்தேன்.

“லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கோ எண்டனான்,” என்றாள் மனைவி.

“எல்லாம் ரெண்டுதரம் இறுக்கினனான். சும்மா இரும்.”

மதியம் அவள் குளிக்கச் சுடுநீரைத் திறந்தாள். சற்று நேரத்தில் கீழ்வீட்டுச் சென்னை இன்ஜினியர் கதவைத் தட்டினார்.

“அங்கிள், எங்க சீலிங்ல இருந்து தண்ணி கொட்டுது!”

ஏழாவது இணைப்பு சூட்டில் தளர்ந்திருந்தது. லைசென்ஸ் உள்ள பிளம்பரின் சான்றுப் பத்திரம் இல்லாததால் காப்புறுதி நிறுவனம் கைவிரித்தது. இன்ஜினியர் வீட்டுச் சீலிங்கும் என் வீட்டுத் தரையும் என் செலவிலேயே திருத்தப்பட்டன. அண்ணர் மாசியில் காலமானபோது நான் ஒஸ்லோவில்தான் இருந்தேன். மொத்தச் செலவு 61,350 குரோனர்.