பாய்லர் குறுக்கே நடந்த படம்

கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் பாய்லருக்குப் பற்றிக்கொண்டு வரும். மூடிக் கிடக்கும் நூல் மில்லின் வாசலில் பகல் காவல் அவர் வேலை. மில் ஓடிய காலத்தில் கொதிகலன் பார்த்தவர் என்பதால் வந்த பெயர் அது. கோபத்துக்கும் அதுவே பொருந்திப்போக, சொந்தப் பெயரை எல்லோரும் மறந்துபோனார்கள். மில்லை மூடியபோது மற்றவர்களை அனுப்பிவிட்டு அவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பாசத்தால் அல்ல. யாரையும் உள்ளே விட மனம் வராத ஆள் அவர் ஒருவர்தான் என்று கம்பெனிக்குத் தெரியும்.

வாசலை ஒட்டி ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், கால்வாயைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். நிபந்தனை ஒன்றுதான். வெளிச்சம் இருக்கிறவரை வாசலில் போட்ட இரும்பு நாற்காலியை விட்டு எழுந்து போகக் கூடாது. போனால் வேலை போகும், வேலையோடு அறையும் போகும். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கென்று இருந்தது அந்த அறைதான். தம்பி வீடு இருக்கிறதே என்று யாராவது சொன்னால், அதுக்கு இந்தக் கால்வாயிலேயே விழுந்துடலாம் என்பார்.

கால்வாய் ஒருகாலத்தில் படகில் பஞ்சு வந்த வழி. இப்போது தண்ணீர் நகர்கிறதா நிற்கிறதா என்று தண்ணீருக்கே தெரியாது. இதையும் மில்லையும் படமெடுக்கத்தான் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள்.

"சார், துரு என்ன அழகு சார்!"

"உங்க வீட்டுத் தண்ணித் தொட்டியிலயும் வரும். அங்க போய் எடு."

அவர்களைத் துரத்திவிடலாம். துரத்த முடியாத ஒருவன் இருந்தான். அவருடைய தம்பி.

தம்பி கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தான். பாஸ்போர்ட் அளவுப் படம்தான் பிழைப்பு. நாள் முழுக்க ஸ்டூலில் உட்காருகிறவர்களிடம் "அசையாதீங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி அவன் முகமே அசையாமல் போயிருந்தது. விடுமுறை நாளில் கேமரா முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு கால்வாயின் எதிர்க்கரைக்கு வந்துவிடுவான். எதிர்க்கரை பொது இடம். பாய்லரின் அதிகாரம் தண்ணீரின் பாதியோடு முடிந்துவிடும். மிச்சத்துக்கு அவரிடம் குரல்தான் இருந்தது.

"டேய், ஒரே இடத்த எதுக்குடா மூணு தடவ எடுக்கற? கை நடுங்குதா?"

"ஒண்ணு இருட்டா, ஒண்ணு சரியா, ஒண்ணு வெளிச்சமாண்ணா. கம்ப்யூட்டர்ல மூணையும் சேர்த்தா நிழலுக்குள்ள இருக்கறதும் தெரியும், மேகமும் தெரியும். எச்டிஆர்னு பேரு."

"கண்ணு முன்னாடி இருக்கறதே உனக்குத் தெரியாது. இதுல நிழலுக்குள்ள வேற பாக்கப் போறானாம்!"

அப்படிச் சேர்த்த படம் ஒன்றை தம்பி மனைவி போனில் அவருக்குக் காட்டியிருந்தாள். துரு பழுத்த பழம்போல் தொங்கியது. தண்ணீரில் அது என்றைக்கும் காட்டாத பச்சை. செங்கற்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து அடுக்கியதுபோல் சுவர். வாலிபம் முழுவதும் அவர் இருமிக்கொண்டு நின்ற புகைபோக்கி, படத்தில் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது.

"நல்லாருக்கில்ல மாமா?"

"பொணத்துக்குப் பவுடர் போட்டிருக்கான் உன் புருஷன்."

பகை பழையது. அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்ததால் மில்லில் ஒரு பிள்ளைக்கு இடம் கொடுத்தார்கள். அண்ணன் வாங்கிக்கொண்டார். தம்பிக்கும் ஆசை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அவன் மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, வாசலுக்கு வெளியே நின்று, கம்பி வழியாக நீட்டிவிட்டுத் திரும்பிப் போவான். இன்றைக்கும் அதே வாசலை வெளியே நின்றுதான் பார்க்கிறான். ஒரு முறை உள்ளே விடச் சொல்லிக் கேட்டபோது பாய்லர் சொன்னார், "அப்பவே விடல, இப்பவா?"

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் தம்பி முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தான். வாசல், நாற்காலி, படிக்கட்டு, தண்ணீர் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வரும் இடம். மேகம் கிழிந்து வெளிச்சம் சரிந்தது. அவன் குனிவதைப் பார்த்த பாய்லருக்கு ஒரு யோசனை உதித்தது. நாற்காலியை விட்டு எழுந்தார். படிக்கட்டில் போய் இடுப்பில் கை வைத்து நின்றார். கிளிக். கரையோரமாக நடந்து புகைபோக்கிக்கு நேராக நின்றார். கிளிக். தண்ணீர் விளிம்புக்கே இறங்கி, எதிர்க்கரையைப் பார்த்து நாக்கைத் துருத்தினார். கிளிக்.

"சேருடா இப்ப! மூணு அண்ணனையும் சேரு!"

தம்பி முக்காலியை மடக்கிக்கொண்டு போனான். பாய்லர் அன்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டே ஸ்டவ்வைப் பற்ற வைத்தார்.

சில வாரம் கழித்து கம்பெனி சூப்பர்வைசர் பைக்கில் வந்து இறங்கினார். கையில் ஒரு செய்தித்தாள். புகைப்படப் போட்டியில் முதல் பரிசு என்று அரைப்பக்கத்துக்கு மில்.

"இதுல யாரு இருக்கா?"

பாய்லர் பார்த்தார். கிழிந்த மேகம், பழுத்த துரு, பச்சைத் தண்ணீர். வாசலில் இரும்பு நாற்காலி, காலியாக.

"யாரும் இல்ல சார்."

"அதான் நானும் கேக்கறேன். உலகத்துக்கே தெரியுது, மில்லுல ஆள் இல்லன்னு. மொதலாளி போன் பண்ணி என்னை நார் நாரா கிழிச்சுட்டார். இருந்தீங்கன்னா நாளைக்கு ஆபீஸ்ல வந்து நிரூபிங்க. இல்லன்னா சாவியக் கொடுத்துடுங்க."

பாய்லர் நாற்காலியை விட்டு எழுந்தார். வெளிச்சம் இருக்கும்போதே எழுந்து போகிறாரே என்று அன்றைக்கு யாரும் அவரைக் கேட்டிருக்க முடியாது. நேராக ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். ஸ்டூலில் ஒரு பெண் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"நான் எங்கடா?"

"அசையாதீங்க," என்றான் தம்பி, அந்தப் பெண்ணிடம். படமெடுத்து அவளை அனுப்பிய பிறகுதான் திரும்பினான். "அசைஞ்சா அழிச்சுடும். மூணுலயும் ஒரே இடத்துல இருக்கறதத்தான் கம்ப்யூட்டர் வச்சுக்கும். மத்ததையெல்லாம் தூசின்னு நெனச்சுத் தூக்கிடும்."

"கம்ப்யூட்டர் அழிச்சுதா, நீ அழிச்சியா?"

"அழிக்கட்டுமான்னு கேட்டுது. ஆமான்னேன்." கேமராவின் மூடியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். "நீ வேணும்னுதானே வந்து நின்ன? நானும் வேணும்னுதான் அழிச்சேன். ஒரே ஒரு படம்ணா. அந்த வாசல்ல உன் மூஞ்சி இல்லாம ஒரே ஒரு படம் எனக்கு வேணும்னு இருந்துது."

பாய்லருக்குக் கோபம் மட்டும் வந்தது. "அந்த மூணு படத்தையும் போடு. ஆளே இல்லன்னு சாவியக் கேக்கறான் சூப்பர்வைசர். நான் அங்கதான் இருந்தேன்னு அவன் மூஞ்சில விட்டெறியறேன்."

தம்பி மூன்றையும் திரையில் திறந்தான். வெகுநேரம் பார்த்தான். "அண்ணா, இதக் காட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ நல்லாப் பாத்துக்க."

"நீ பாத்தது போதும். போடுறா."

பிரிண்ட் போட்டுக் கொடுத்தான்.

மறுநாள் அலுவலகத்தில் சூப்பர்வைசர் மூன்று படத்தையும் மேசையில் வரிசையாக வைத்தார். மூன்றாவதில் துருத்திய நாக்கைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் சிரித்தார். பாய்லரும், வழி பிறந்துவிட்டது என்று நினைத்து, லேசாகச் சிரித்தார்.

"நீங்கதான். சந்தேகமே இல்ல." சூப்பர்வைசர் விரலை ஒவ்வொரு படமாக நகர்த்தினார். "படிக்கட்டு. கரை. தண்ணி. ஆள் மூணு இடத்துல இருக்கார். நாற்காலி மூணுலயும் காலி."

பாய்லர் வைத்த சாவி, மேசையில் டீ டம்ளர் விட்டிருந்த ஈரத்தில் பட்டுச் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

தம்பி வீட்டுக் கூடத்தில் பாய்லரின் கட்டிலுக்கு இடம் போதவில்லை. பாயைத்தான் விரித்தாள் தம்பி மனைவி. அண்ணனும் தம்பியும் ஒரே விளக்கின் கீழ் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் காவலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று அவள்தான் விசாரித்துச் சொன்னாள். படம் ஒன்று வேண்டுமாம்.

ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார் பாய்லர். தம்பி கேமராவுக்குப் பின்னால் குனிந்தான்.

"ஒண்ணுதான் எடுக்கணும். புரியுதா? ஒண்ணே ஒண்ணு."

"அசையாதீங்க," என்றான் தம்பி. எல்லோரிடமும் சொல்வதுபோல்.

அவர் அசையவில்லை. வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. தம்பி திரையைப் பார்த்தான்.

"கண்ணு மூடியிருக்கு. இன்னொண்ணு எடுக்கணும்."

"வேணாம்."

"தூங்கற வாட்ச்மேன யாருண்ணா வேலைக்கு வப்பான்?"

"நாற்காலில உக்காந்துதானே தூங்கறேன்," என்றபடி பாய்லர் எழுந்தார். "அதயே போடு."