பின்னோக்கி மட்டும் நேராகப் போன ஜீப்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆனி மாத மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு காலை நேரம். அருமனையிலிருந்து மலைப்பக்கம் ஏறும் குறுகலான ரோட்டில், எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட நான் ஜீப்பைப் பின்னால் எடுக்க வேண்டி வந்தது. கேட்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். முன்கதையைச் சொன்னால்தான் புரியும்.

மலைச்சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர்த் தோட்டம் இருக்கிறது. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். அதனால் மரத்தில் பால்வெட்டுக்கு ஆள் பார்ப்பது, அந்தப் பாலை உறையவைத்து ஷீட் அடித்து உலர்த்துவது, அதை மார்த்தாண்டம் கடையில் கொண்டுபோய்ப் போடுவது எல்லாம் என் பொறுப்பு. எங்கள் தோட்டத்துக்குப் போகும் பாதையைப் பார்த்தாலே வாடகை வண்டிக்காரர்கள் ஏதாவது காரணம் சொல்லிக் கழன்றுகொள்வார்கள். ஒருத்தரிடம் கெஞ்சி, இன்னொருத்தருக்காகக் காத்திருந்து எனக்கு அலுத்துப்போனது. கடைசியில் ஒரு பழைய ஜீப்பை வாங்கினோம். நான் ஓட்டப் படித்து லைசென்ஸும் எடுத்தேன். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களின் ஷீட்டையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டத்துக்குப் போய்வர ஆரம்பித்த பிறகு, என் நடையே மாறிவிட்டது என்று சொல்லலாம். யாரையும் கேட்க வேண்டாம், யாருக்காகவும் நிற்க வேண்டாம். அந்த ஜீப் எனக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

கணவர் லீவுக்கு வந்தபோது, பாதையில் கிடக்கும் பாறைகளில் ஜீப்பின் அடிவயிறு தட்டுவதைப் பார்த்தார். உடனே அதை உயர்த்தியே தீர வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. பழைய ஜீப்புகளில் ஸ்பிரிங் பட்டைகள், சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் தண்டுக்குக் கீழே இருக்கும். அவருடைய நண்பர் ஒருவர் அந்தப் பட்டைகளைக் கழற்றி, ஆக்சிலுக்கு மேலே வைத்து வெல்டிங் செய்து பூட்டினார். வண்டி ஒரேயடியாக மேலே எழும்பியது. பெரிய டயரும் மாட்டினார்கள். கணவர் அதன்முன் நின்று விதவிதமாகப் படம் எடுத்தார், எல்லோருக்கும் அனுப்பினார், லீவு முடிந்து விமானம் ஏறிவிட்டார். ஓட்ட வேண்டியவள் நானல்லவா?

மலைப்பாதையில் பாறை தட்டவில்லை, அது உண்மை. ஆனால் தார் ரோட்டில் இறங்கியதும் வண்டி தன் இஷ்டத்துக்கு அலைந்தது. நேராகப் பிடித்தால் இடதுபக்கம் ஒதுங்கும், அதை இழுத்துச் சரிசெய்தால் வலதுபக்கம் பாயும். பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் கையை உதறும். மார்த்தாண்டத்தில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் கெட்டிக்காரர். வண்டி உயர்ந்ததால் ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி சரிந்து நிற்கிறது என்று கண்டுபிடித்து, அது பூட்டியிருக்கும் ஆர்ம் என்ற துண்டை மாற்றி, கம்பியைச் சரியான வாக்கில் கொண்டுவந்தார். பள்ளத்தில் உதறுவது நின்றது. அலைவதை நிறுத்த, ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு ஆப்பு வைத்தார். ஒரு பக்கம் தடிப்பாக, மறுபக்கம் மெலிந்து வரும் இரும்புத் துண்டு அது.

“சைக்கிளுக்கு முன்னாடி உள்ள கம்பி பின்னால சாஞ்சில்லா இருக்கும், தங்கச்சி? அதுனாலயாக்கும் கைய விட்டாலும் நேரா போவுது. இந்த ஆப்பு வச்சா ஆக்சிலும் அதுபோல பின்னால சாயும். ஸ்டியரிங் தானா நேராயிரும்” என்று விளக்கமும் சொன்னார்.

எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் ஆப்பு வைத்த பிறகு வண்டி முன்னைவிட மோசமானது. ஒரு வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் திரும்பி வருவதற்குப் பதில் இன்னும் உள்ளே இழுத்தது. திரும்பப் போய்ச் சொன்னபோது, பூட்டிய புதிதில் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடப் பழகிவிடும் என்றார். வீல் அலைன்மென்ட் கடையில் பார்த்தார்கள். டயர் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறது, உங்களுக்குத்தான் பெரிய வண்டி பழக்கமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு கல்யாணத்துக்கு மாமனாரை ஏற்றிக்கொண்டு போனேன். எதிரே லாரி வந்த நேரம் பார்த்து வண்டி நடு ரோட்டுக்குப் பாய்ந்தது. எப்படியோ இழுத்துப் பிடித்தேன். மாமனார் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தவர் வீடு வந்த பிறகுதான் கையை எடுத்தார்.

“வண்டி நல்ல வண்டியாக்கும் மக்களே. ஒனக்குக் கை பத்தல, கேட்டியா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் அவனுக்கு என்ன சமாதானம் சொல்லுவேன்?” என்றார்.

அவர் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். அதனால் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை. கணவரோ போனில், “எட்டி, நீ ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிக்கே. லூசா விட்டுப் பழகு” என்று ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்தினார். லூசாக விட்டால் நேரே கால்வாயில்தான் போய் நிற்கும் என்று சொன்னேன். சிரித்தார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

மாமனார் சும்மா இருக்கவில்லை. குலசேகரம் பக்கத்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க வருவதாக ஏற்பாடு செய்துவிட்டார். கணவரும் சரி என்று சொல்லிவிட்டார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. இதைவிடக் கொடுமை, எனக்கே சந்தேகம் வந்துவிட்டதுதான். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் என்ன செய்வது? நம் கையில்தான் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று ராத்திரி படுக்கையில் இரண்டு கையையும் விரித்துப் பார்த்திருக்கிறேன்.

அந்த வாரம்தான் பஸ் எதிரே வந்தது. ஷீட்டை ஏற்றிக்கொண்டு நான் மலையிலிருந்து இறங்குகிறேன், பஸ் ஏறி வருகிறது. ஒதுங்க இடமில்லை. ஏறுகிற வண்டிக்கு நாம்தானே வழிவிட வேண்டும்? பின்னால் இரண்டு வளைவு தாண்டிப் போனால்தான் ஒதுங்க இடம் உண்டு. பஸ் நிறையப் பால்வெட்டுக்குப் போகிற பெண்கள், ஜன்னல் ஜன்னலாகத் தலையை நீட்டிப் பார்க்கிறார்கள். கண்டக்டர் இறங்கி வந்து கையைக் காட்ட ஆரம்பித்துவிட்டார். முன்னால் போகும்போதே நேராகப் போகாத வண்டி பின்னால் போனால் என்ன ஆகும்? ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். நான் கும்பிடாத சாமி இல்லை.

ரிவர்ஸ் போட்டுக் கிளட்சை விட்டேன். முதல் வளைவுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி அழகாகத் திரும்பியது. வளைவு முடிந்ததும் நான் ஒன்றும் செய்யாமலே ஸ்டியரிங் என் கைக்குள் வழுக்கிக்கொண்டு தானாக நேராக வந்தது. எனக்குப் புரியவில்லை. அடுத்த வளைவில் வேண்டுமென்றே பிடியைத் தளர்த்திப் பார்த்தேன். மறுபடியும் தானாக நேரானது. கோடு போட்டது மாதிரி பின்னால் போய் ஒதுங்கி நின்றேன்.

பஸ் கடந்து போகும்போது கண்டக்டர் படியில் நின்றபடியே, “யக்கா, நீங்க ரிவர்ஸ்லயா லைசென்ஸ் எடுத்திய?” என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் என் யோசனை வேறு இடத்தில் இருந்தது. என் கையில் கோளாறு என்றால் பின்னால் போகும்போதும் கோணலாகத்தானே போக வேண்டும்?

சந்தேகம் தீர, ஷீட்டைக் கடையில் போட்டுவிட்டுத் திரும்பி வருகிற வழியில் ஒரு காலி மைதானத்தில் வண்டியை இறக்கினேன். முன்னால் ஓட்டினேன், அலைந்தது. பின்னால் ஓட்டினேன், நேராகப் போனது. மறுபடி முன்னால், மறுபடி பின்னால். புல் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்கூட விலகிப் போய் நின்று பார்த்தன. இந்த வண்டி பின்பக்கத்தை முன்பக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, ஏதோ ஒன்று முன்பின்னாக மாறிப் பூட்டியிருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அங்கிருந்தே கணவருக்குப் போன் செய்து சொன்னேன்.

“அப்போ மார்த்தாண்டம் வரைக்கும் ரிவர்ஸ்லயே போ” என்றார்.

போனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். மாமனார் வாசலில் நின்று, “அங்க என்னத்தத் தேடுத?” என்றார். ஒரு நட்டை நூலில் கட்டி, முன் சக்கரத்துக்கு உள்ளே, சக்கரம் திரும்புகிற மூட்டின் மேல்பகுதியிலிருந்து தொங்கவிட்டேன். மெக்கானிக் அண்ணன் சொன்னபடி மேல்பகுதி பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். நூலோ வேறு சொன்னது. மேல்பகுதி முன்னால் குனிந்து நின்றது. ஆப்பைப் பார்த்தேன். தடித்த பக்கம் முன்னால் இருந்தது. அடியில் படுத்தபடியே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மார்த்தாண்டத்துக்குப் போனேன். முன்னோக்கித்தான். மெக்கானிக் அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

“நான் எத்தன ஜீப்புக்கு ஆப்பு வச்சிருக்கேன் தெரியுமா? தடிச்ச பக்கம் எப்பவும் முன்னாலயாக்கும் வரணும்” என்றார்.

“அந்த ஜீப்புக்கெல்லாம் பட்ட எங்க இருக்கும்ணே?”

“ஆக்சிலுக்குக் கீழ.”

“இதுல?”

கை கழுவ வைத்திருந்த சோப்புக் கட்டி ஒன்று அங்கே கிடந்தது, ஒருபக்கம் தேய்ந்து அசல் ஆப்பு மாதிரியே இருந்தது. காலி டீ கிளாஸ் ஒன்றை எடுத்தேன். உள்ளங்கைதான் பட்டை, கிளாஸ்தான் ஆக்சில் என்றேன். உள்ளங்கைமேல் கிளாஸை வைத்து, அதன் அடியில் சோப்பின் தடித்த பக்கம் முன்னால் வரும்படி செருகினேன். கிளாஸ் பின்னால் சாய்ந்தது. இது பழைய ஜீப். பிறகு கிளாஸைக் கீழே பிடித்துக்கொண்டு, உள்ளங்கையை அதன் மேலே கொண்டுவந்தேன். இரண்டுக்கும் நடுவே அதே சோப்பை, அதே மாதிரி தடித்த பக்கம் முன்னால் வைத்து அழுத்தினேன். கிளாஸ் முன்னால் குனிந்தது.

அண்ணன் என் கையிலிருந்து கிளாஸையும் சோப்பையும் வாங்கி, தானே ஒருமுறை வைத்துப் பார்த்தார். சோப்பைத் திருப்பி வைத்தும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

“கொள்ளாம் தங்கச்சி. இத்தன வருசமா பட்ட கீழ இருக்க வண்டியே பாத்துப் பாத்துக் கை அப்படியே போயிட்டு. நான் இத யோசிக்கல.”

அடுத்தவர்கள் முன்னால் அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும். கையில் இருந்த மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டு அவரே ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் ஆப்பைக் கழற்றித் திருப்பிப் பூட்டினார். நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தோம், மேல்பகுதி பின்னால் சாய்ந்திருந்தது. ஓட்டிப் பார்க்க அவர் சாவிக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

“நீங்க பக்கத்துல இரிங்கண்ணே” என்றேன்.

ஊர் நடுவே உள்ள மேம்பாலத்தில் ஏற்றினேன். மேலே காற்று எப்போதும் ஒரு பக்கமாக அடிக்கும், போன வாரம்வரை அந்த இடத்தில் நான் ஊர்ந்துதான் போவேன். அன்றைக்கு ஜீப் அசையவில்லை. வேகத்தைக் கூட்டினேன். கேரளா பஸ் ஒன்று உரசுவதுபோல் கடந்து போனது, அப்போதும் அசையவில்லை. பாலம் இறங்கித் திரும்பும் இடத்தில் கைப்பிடியைத் தளர்த்தினேன், ஸ்டியரிங் சமர்த்தாக நேராக வந்து நின்றது. காரணமே இல்லாமல் ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினேன்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டலாம் என்று இருந்தேன். ஆனால் ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தவர் மாமனாரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஜீப்பை மெயின் ரோடு வரைக்கும் ஓட்டிப் போனார். திரும்பி வந்து இறங்கும்போதே அவர் முகம் மலர்ந்திருந்தது. கோளாறான வண்டியை வேண்டாம் என்று போய்விடுவார் என்று இருந்த ஒரே நம்பிக்கையையும் நானே சரிசெய்து கெடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

“வண்டி என்னா நேரா போவுது. இதயா ஓட்ட முடியலன்னு சொன்னீய?” என்று அவர் மாமனாரிடம் கேட்டார்.

மாமனார் ஜீப்பைப் பார்த்தார், குனிந்து அடியிலும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “அண்ணைக்கு நூலு பிடிச்சது இதுக்கா?” என்றார்.

“ஆமா மாமா. ஆப்ப மறிச்சுப் பூட்டியிருந்து. திருப்பிப் போட வச்சேன்.”

அவர் வந்தவரிடம் திரும்பினார். “கோளாறு வண்டியிலதான் இருந்து. நான் இவளுக்குக் கையிலன்னு நெனச்சுட்டேன். கண்டுபிடிச்சது இவளாக்கும். ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, வண்டி கொடுக்கல” என்றார்.

வந்தவர் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தார். மாமனார் அவருக்கு டீ கொடுத்து, ரப்பர் விலை, மழை என்று ஊர்க் கதையெல்லாம் பேசி அனுப்பிவைத்தார். பிறகு சாவியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். அடுத்த வாரம் தக்கலையில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டும், காலையிலேயே கிளம்பி நிற்கச் சொன்னார். கணவர் போனில் என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள், அந்த ஜீப்பை உயர்த்தியதே தன்னுடைய யோசனைதான் என்று இன்றுவரை பெருமை பேசிக்கொண்டிருக்கிறார்.

இப்போதும் யாராவது என்னிடம், உனக்குத்தான் தெரியவில்லை, உன்னிடம்தான் குறை என்று சொன்னால் நான் கோபப்படுவதில்லை, உடனே நம்பிவிடுவதும் இல்லை. ஒரு நூலையும் நட்டையும் எடுத்துக்கொண்டு அடியில் போய்ப் படுத்துப் பார்க்கும் துணிச்சலை அந்த மழைக்காலம் எனக்குத் தந்துவிட்டது.