ஷோபாவின் மூன்றாவது சாட்சி

கனடாவிலிருந்து அழைப்பு வந்தபோது ஷோபா ஒரு நோயாளியின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். பையில் செல்போன் அதிர்ந்தது. ஊசியை ஏற்றி, பிளாஸ்டர் ஒட்டி, மருந்து ஒழுங்காகச் சொட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் வார்டுக்கு வெளியே வந்து போனில் வந்திருந்த மின்னஞ்சலைத் திறந்தாள். நிரந்தரமாக வந்து வசிப்பதற்கு விண்ணப்பிக்கும்படி உங்களை அழைக்கிறோம் என்று முதல் வரியிலேயே இருந்தது. இரண்டாவது வரியைப் படிக்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

பெங்களூர் அடுகோடியில் கார் பட்டறை ஒன்றில் டிங்கரிங் வேலை பார்க்கும் தன் கணவன் நாகேஷைக் கூப்பிட்டாள். பின்னால் தகரத்தைத் தட்டும் சத்தம் காதைப் பிளந்தது.

"வந்துடுச்சுப்பா!"

"இன்னா வந்துச்சு? சிலிண்டரா?"

"கனடா!"

தட்டும் சத்தம் நின்றது. "இரு இரு, ஸ்பீக்கர்ல போடறேன். மறுபடி சொல்லு."

அவள் மறுபடி சொன்னாள். பட்டறை முழுக்கக் கூச்சல். பெயின்ட் அடிக்கிற ஹெர்பர்ட்டின் விசில் மட்டும் தனியாகக் கேட்டது. வார்டு சிஸ்டர் எட்டிப் பார்த்து, "என்ன ஷோபா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள். ஷோபா அந்த அம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஷோபாவுக்கு இந்த எண்ணம் திடீரென்று வந்ததல்ல. அல்சூர்ப் பக்கம் ஒண்டுக்குடித்தனத்தில் பிறந்து, அரசு உதவித்தொகையில் நர்சிங் டிப்ளமோ முடித்து, மூன்று ஆஸ்பத்திரிகள் மாறியவள். கூட வேலை செய்த பெண்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். அவர்கள் போய்விட்டதால் இரண்டு வார்டுகளை ஒருத்தியே பார்க்க வேண்டியிருந்தது. ஒருநாள் பஸ்ஸில் நின்றுகொண்டே, நாமும் ஏன் போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து ஈஜிபுராவில் அவர்களுடைய வாடகை வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் இங்கிலீஷ்தான். மகள் சோனியா ஏழாம் வகுப்பு. அம்மா அப்பா இருவருக்கும் அவள்தான் டீச்சர்.

நாகேஷும் இங்கிலீஷ் பரீட்சை எழுதினான். கணவனுக்கும் இங்கிலீஷ் வந்தால், ஆளைத் தேர்ந்தெடுக்கக் கனடாவில் போடும் புள்ளிகள் கூடும். பேச்சுத் தேர்வில், நீங்கள் பழுது பார்த்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். மரத்தில் மோதி நசுங்கிய ஒரு காரின் கதவைப் பற்றி அவன் ஆரம்பித்தான். நேரம் முடிந்தது என்று தேர்வு நடத்திய வெள்ளைக்காரர் சொன்ன பிறகும், "சார், ஒன் மினிட், பெயின்டிங் பாக்கி இருக்கு" என்றானாம். நல்ல மதிப்பெண்தான் வந்தது.

அழைப்பு வந்தபின் எல்லாச் சான்றுகளையும் சேர்த்து அனுப்ப இரண்டு மாதம் கெடு. சோனியா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, "மம்மி, உங்க மேரேஜ் சர்டிஃபிகேட் எங்கே?" என்றாள்.

ஷோபாவும் நாகேஷும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடையது காதல் கல்யாணம். ஷோபாவின் அண்ணன் முனிராஜ் ஓசூரில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தான். அதை மீறி, நாகேஷின் குடும்பம் போய்வரும் புத்த விஹாரத்தில், பஞ்சசீலம் சொல்லி, மாலை மாற்றிக்கொண்டார்கள். பத்திரிகை அடிக்கவில்லை. பதிவும் செய்யவில்லை. பதிமூன்று வருஷமாக அது யாருக்கும் தேவைப்படவுமில்லை.

மறுநாளே பதிவு அலுவலகத்துக்கு ஓடினார்கள். அங்கிருந்த அம்ருதா என்கிற அதிகாரி பொறுமையானவர். விஹாரத்திலிருந்து ஒரு கடிதம், கல்யாண போட்டோ, கல்யாணத்தை நேரில் பார்த்த மூன்று பேர் சாட்சி, இவ்வளவும் வேண்டும் என்றார். கடிதம் கிடைத்தது. போட்டோ நாகேஷின் அக்கா காந்தாவின் வீட்டுச் சுவரில் தொங்கியது. சாட்சிகளில் காந்தா ஒருத்தி, அந்த போட்டோவை எடுத்த ஹெர்பர்ட் இன்னொருவன். மூன்றாவது ஆளைத்தான் காணோம். அன்றைக்கு வந்திருந்ததே ஒரு கைப்பிடி ஜனம். நடத்திவைத்த பிக்கு காலமாகிவிட்டார். மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

"சும்னே யாரையாவது இட்டுக்கினு போய் நிறுத்திடலாமா?" என்றான் நாகேஷ்.

"பொய்ச் சாட்சி வெச்சு நான் எங்கியும் போகமாட்டேன்" என்றாள் ஷோபா.

அவளுடைய பிறப்புச் சான்றிதழும் தேவைப்பட்டது. அது அம்மாவின் பெட்டியில் இருந்தது. பெட்டி, அத்திபெலேயில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணன் வீட்டில். அம்மாவின் சாவுக்குப் போனபோதுகூட அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சோனியாவைக் கூட்டிக்கொண்டு ஷோபா பஸ் ஏறினாள். 

முனிராஜ் கடையில் தனியாக இருந்தான். தங்கையைப் பார்த்ததும் எழுந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் சோனியாவிடம், "பாதாம் பால் குடிக்கிறியாமா?" என்றான். அவள் கேட்ட பிறப்புச் சான்றிதழைக் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து எடுத்துவந்து கொடுத்துவிட்டு, எதற்கு என்று கேட்டான். ஷோபா கனடாவைச் சொன்னாள். சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த முடியாமல் சாட்சிக்கு ஆள் கிடைக்காததையும் சொன்னாள்.

முனிராஜ் கல்லாவின் மேல் கிடந்த ஆணிகளை ஒதுக்கினான். பிறகு, "நான் வர்றேன்" என்றான்.

"பாத்தவங்கதான் வரணும்ணா. பொய் சொல்லக் கூடாது."

"யாரு பொய் சொல்றா? நான் பாத்தேன்." "கோவத்துல ரகளை பண்ணத்தான் வந்தேன். ஜன்னல்கிட்ட வந்தப்ப நீ மாலையோட சிரிச்சுக்கினு இருந்த. உள்ள வர்றதுக்கு மனசு வரல. முடியற வரைக்கும் அங்கியே நின்னுட்டுப் போயிட்டேன்."

ஷோபாவுக்கு நம்பிக்கை வரவில்லை. அவனே தொடர்ந்தான். "மாப்ள புதுச் சட்டை போட்டிருந்தாரு. காலருக்குப் பின்னாடி விலைச்சீட்டு தொங்கிக்கினு இருந்துச்சு. யாராவது பிச்சு விடுவாங்களான்னு பாத்துக்கினே இருந்தேன். ஒருத்தரும் பிக்கல."

சோனியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஷோபா சிரித்தாள், அழுதாள், எது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை. போனில் கேட்ட நாகேஷ், "அய்யய்யோ, அன்னிக்கு நாள் முழுக்க அதோடவா சுத்துனேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

பதிவு நாளன்று காந்தா கனகாம்பரமும் மல்லியும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள். ஹெர்பர்ட் கோட்டு போட்டு வந்தான். பட்டறை ஆட்கள் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். சோனியா தன் தோழிகளிடம், "இன்னிக்கு எங்க மம்மி டாடிக்கு கல்யாணம், அதான் லீவு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். முனிராஜ் கதவோரமாக நின்றான். நாகேஷ் நேரே போய் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். "வா மச்சான், இந்த தபா உள்ள வந்து பாரு."

அம்ருதா கன்னடத்தில் முனிராஜைக் கேட்டார், கல்யாணத்தைப் பார்த்தீர்களா என்று.

"நோடிதினி மேடம். ஜன்னலிந்த."

ஜன்னல் வழியாகவா? அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஷோபா முழுக்கதையையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து மேசைக்காரரும் வேலையை நிறுத்திவிட்டார். பார்த்தது பார்த்ததுதான் என்று அம்ருதா சிரித்தபடி கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். முனிராஜ் மெதுவாக, எழுத்தெழுத்தாகப் போட்டான்.

கெடுவுக்கு முன்பே எல்லாம் போய்ச் சேர்ந்தது. பிறகு மருத்துவப் பரிசோதனை, கைரேகை, காத்திருப்பு. போன் அதிரும்போதெல்லாம் வீட்டில் மூன்று பேரும் பாய்ந்தார்கள். பெரும்பாலும் கடன் வேண்டுமா என்று கேட்கிற அழைப்பாகவே இருந்தது. நாகேஷ் குளிருக்குப் பழகுவதாகச் சொல்லி ஃபேனை ஐந்தில் வைத்துப் படுத்தான். ஜலதோஷம்தான் பிடித்தது.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு ஞாயிறு. ஷோபா கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். போனில் வந்ததை சோனியாதான் முதலில் பார்த்தாள். கத்தவில்லை. மிக்ஸியின் சுவிட்சை அணைத்துவிட்டு, இங்கிலீஷ் டீச்சர் மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பாஸ்போர்ட்டுகளை அனுப்பவும். மூன்று பேருக்கும்.

நாகேஷ் பனியனோடு தெருவுக்கு ஓடினான். மாடியில் துணி காயப்போட்டவர்கள் எட்டிப் பார்த்து, "இன்னா நாகேஷ், லாட்டரியா?" என்றார்கள். "அதுக்கும் மேல!" என்று அவன் கைகளை விரித்தான். ஷோபா மசாலாக் கையோடு அண்ணனுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னதும் எதிர்முனையில் கடை ஷட்டர் இறக்கும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை நல்ல வியாபார நேரம்ணா, எதுக்கு மூடற?"

"வியாபாரம் கிடக்கட்டும். வர்றேன்."

கறி வெந்து இறக்கியபோது போன் அடித்தது. முனிராஜ் ஈஜிபுராவுக்கு வந்துவிட்டான். ஆனால் தங்கையின் வீடு எந்தச் சந்தில் என்று தெரியவில்லை. எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று திணறினான். கையில் ஸ்வீட் டப்பாக்கள், வழி கேட்க ஒரு கை போதவில்லையாம்.

"அங்கியே நில்லுண்ணா, நகராத. நான் வர்றேன்" என்றாள் ஷோபா. செருப்பு மாட்டிக்கொள்ளக்கூட நிற்காமல் படியிறங்கி ஓடினாள்.